அக்காகிட்ட கேளுங்க: மோதிரம், பீச், ஒளிஞ்சிருக்கிற கேமரா

கேள்வி: வணக்கம் அக்கா. எபேன்ல ஐடி வேலை, மூணு வருஷமா மொரீஷியஸ்ல இருக்கேன். திருச்சில இருக்கிற என் ஆளு ஜூலைல அவ அக்கா, மாமா கூட இங்க டூர் வர்றா. லெ மோர்ன் பீச்ல சன்செட் நேரத்துல முட்டி போட்டு மோதிரம் குடுத்து கேக்கணும், அவளுக்கே தெரியாம போட்டோவும் எடுக்கணும். எப்படி பிளான் பண்றது? பீச்சுக்குப் பின்னாடி இருக்கிற லெ மோர்ன் மலை மேல ஏறி கேட்டா இன்னும் கெத்தா இருக்குமா?
- பேர் போடாதீங்க, ரோஸ் ஹில்

பதில்: பேர் போடல தம்பி, பயப்படாத. மொதல்ல நான் ஒண்ணு கேக்குறேன், கல்யாணம் பண்ணிக்கலாம்னு நீங்க ரெண்டு பேரும் ஏற்கனவே பேசியாச்சா இல்லையா? பேசலன்னா பீச்சும் வேணாம் கேமராவும் வேணாம், இன்னிக்கு ராத்திரியே போன் போட்டு பேசு. எந்த நாள், எந்த எடம்ங்கிறது மட்டும் அவளுக்கு சர்ப்ரைஸா இருந்தா போதும். நாலு பேர் பாக்க, வேணாம்னு சொல்ல வாய் வராம ஒரு பொண்ணு சும்மா தலையாட்டுனத நான் லென்ஸ் வழியா பாத்திருக்கேன், அந்த ஆல்பத்த குடுக்கவே எனக்கு மனசு வரல.

மலை வேணவே வேணாம். 556 மீட்டர், ஏறி எறங்க மூணு நாலு மணி நேரம், மேல போகப் போக பாறைய கையால புடிச்சு ஏறணும், வேர்த்து விறுவிறுத்து நிக்கிறவகிட்ட போய் மோதிரத்த நீட்டுனா தண்ணி பாட்டில் எங்கடான்னுதான் கேப்பா. அதுவும் இல்லாம அது சும்மா வியூ பாயிண்ட் கெடையாது, தப்பிச்சு ஓடிவந்த அடிமைங்க ஒளிஞ்சு வாழ்ந்த மலை, 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்ததே அதுக்காகத்தான். கீழ நின்னு அத பின்னாடி வெச்சுக்கிட்டா போதும். இன்னொண்ணு, நெட்ல பாத்துட்டு எல்லாரும் கேக்குற அந்த 'கடலுக்கடியில அருவி' பீச்ல நின்னா தெரியாது, மணல் சரியிறது மேல இருந்து பாக்கும்போது அப்படி தோணுது, ஹெலிகாப்டர்ல போனாத்தான் தெரியும்.

இப்ப வெளிச்சத்துக்கு வருவோம், இங்கதான் முக்கால்வாசி பேர் சொதப்புறாங்க. ஜூலைல இங்க அஞ்சே முக்கால் வாக்குல சூரியன் உள்ள போயிரும், திருச்சில ஆறரைக்கு மேல வரைக்கும் வெயில் பாத்து பழகுனவங்க ஓட்டல்ல டீ குடிச்சு மெதுவா கெளம்பி வர்றதுக்குள்ள இருட்டிரும். ரோஸ் ஹில்லுல இருந்து லெ மோர்னுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால நாலே முக்காலுக்கு பீச்ல இருக்கணும், அஞ்சே கால் அஞ்சரைக்குள்ள மோதிரம் வெளிய வந்துரணும்.

அடுத்து நீ எந்தப் பக்கம் நிக்கப்போற? கடலும் சன்செட்டும் உங்களுக்குப் பின்னாடி வேணும்னா போட்டோ எடுக்கிறவன் கரைல இருக்கிற ஃபிலாவோ மரத்துக்குப் பின்னாடி, அதான் நம்மூரு சவுக்கு, ஒளிஞ்சுக்கலாம், வசதிதான், ஆனா உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் கருப்பாத்தான் விழும், வெறும் உருவம்தான் மிஞ்சும். மலை பின்னாடி வேணும்னா சாயங்கால வெயில் நேரா உங்க மூஞ்சில மஞ்சளா அடிக்கும், சூப்பரா இருக்கும், ஆனா அவன் தண்ணிப் பக்கம் நிக்கணும், ஒளிய எடமில்ல, டூரிஸ்ட் மாதிரி தொப்பி போட்டுட்டு கடலப் படம் எடுக்கிறாப்ல நடிக்கணும். நான் ரெண்டாவதத்தான் சொல்லுவேன். அவ அழுறதையோ சிரிக்கிறதையோ பாக்கத்தான இவ்ளோ செலவு, அத கருப்பாக்கி வெச்சு என்ன பண்ண?

காத்த மறந்துராத. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்கிழக்கு காத்து, லெ மோர்ன்ல கைட் சர்ஃபிங், அதான் பெரிய பட்டம் இழுக்க தண்ணி மேல சறுக்குற விளையாட்டு, பண்றவங்க கூட்டமா வர்றதே அதுக்குத்தான். என் வீட்டுக்காரரு கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சு திடீர்னு ஆசைப்பட்டு தெக்குல க்ரி க்ரில முட்டி போட்டாரு, அங்க அலைய தடுக்க பவளத்திட்டும் இல்ல, காத்து அப்படி அடிக்குது, எடுத்த பதினேழு போட்டோலயும் என் துப்பட்டா அவரு தலைல முக்காடு போட்ட மாதிரியே இருக்கு. இத்தனைக்கும் போட்டோ எடுக்கிறதுதான் எனக்குப் பொழப்பு. அதனால அவ அக்காவ கூட்டு சேத்துக்கோ, பின் குத்தற மாதிரி டிரெஸ்ஸும் கட்டுன முடியுமா வரணும்னு அவங்க பாத்துக்குவாங்க.

காத்து ரொம்பன்னா ஆல்பியன் போ. செவப்பு வெள்ளக் கோடு போட்ட லைட்ஹவுஸ் இருக்கு, மேற்க பாத்த எடம், சன்செட்டும் கெடைக்கும். பாறை விளிம்புல மட்டும் போய் நிக்காத. ஈல் ஓ செர்ஃப் தீவு அழகுதான், ஆனா கெழக்குப் பக்கம், சன்செட் கடல்ல விழாது, சாயங்காலம் போட்டுக்காரன் வேற கெளம்பு கெளம்புன்னு நிப்பான்.

போட்டோகிராஃபர் வெச்சா தூரத்துல இருந்தே கிட்ட இழுத்துக் காட்டுற 70-200 லென்ஸ், சத்தம் வராத ஷட்டர், ஷட்டர் வேகம் செகண்டுல ஐநூத்துல ஒரு பங்கு இல்லன்னா அதவிட வேகமா, இத மட்டும் கேட்டுக்கோ. பட்ஜெட் இல்லன்னா வரப்போற சகலைகிட்ட போனக் குடு, போட்டோ வேணாம், 4கே வீடியோ எடுக்கச் சொல்லு, அதுல ஒவ்வொரு ஃப்ரேமும் எட்டு மெகாபிக்சல் வரும், நல்லதா பாத்து எடுத்து பிரிண்ட் போட்டுக்கலாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல உங்க மூஞ்சி மேல விரல வெச்சு அழுத்தி லாக் பண்ணணும், இல்லன்னா நடுவுல வெளிச்சம் மாறி மாறி அடிக்கும்.

உனக்கு ஒரு வேலை இருக்கு. கேமராவுக்கு முதுகு காட்டாத, நீங்க ரெண்டு பேரும் பக்கவாட்டுல தெரியணும். மொத நாளே போய் முட்டி போடற எடத்துல மணல தடவிப் பாரு, ஒடஞ்ச பவளத் துண்டு கெடக்கும், ஒரு பையன் அது முட்டில குத்தி 'ஆ'ன்னு கத்துன போட்டோதான் எங்கிட்ட இருக்கு. முட்டி போட்டதும் பத்து வரைக்கும் மனசுல எண்ணு, அப்பறம் எந்திரி. படபடப்புல ரெண்டே செகண்ட்ல எந்திரிச்சிர்றீங்க எல்லாரும். முடிஞ்சதும் வழில நிறுத்தி சூடா கத்தோ பிமா வாங்கிக் குடு, நம்ம பருப்பு வடதான், அவளுக்கு ஊரு ஞாபகம் வரும்.

கேள்வி: ஜனவரி கடைசில காதலியோட மொரீஷியஸ் வர்றேன். அவளுக்கு பக்தி ஜாஸ்தி, கோவில்ல வெச்சு கேக்கலாமா?
- சென்னை வாசகர்

பதில்: சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்து கேளுங்களேன். போர்ட் லூயிஸ்ல கைலாசம் கோவில் அழகான கோவில், உள்ள படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. நீங்க வர்ற சமயம் தைப்பூசக் காவடி வந்தாலும் வரும், இங்க அன்னிக்கு நாடே லீவு, அலகு குத்தி நடக்கிறவங்கள உங்க போட்டோக்கு பேக்கிரவுண்ட் ஆக்காதீங்க, பாத்தா எனக்குக் கோவம் வரும். அதவிட முக்கியம், அது புயல் சீசன். இங்க எச்சரிக்கை ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும், மூணு போட்டாங்கன்னா பஸ்ஸே ஓடாது. அதனால கடைசி நாளுக்குன்னு வைக்காம வந்த ரெண்டாம் நாளே முடிச்சிருங்க.

கேள்வி: மோதிரத்த மட்டும் க்ளோசப் எடுக்க வித்தியாசமா ஏதாவது ஐடியா?
- மதுரை வாசகி

பதில்: எங்க ஊருக்காரியா! ஒரு மொரீஷியஸ் நூறு ரூபா நோட்ட எடுங்க, அதுல தமிழ் எழுத்தும் இருக்கும், தமிழ் எண்ணும் இருக்கும். அந்த எழுத்து தெரியுற மாதிரி மோதிரத்த வெச்சு ஜன்னல் ஓரமா, நேர் வெயில் படாம எடுங்க. எடுத்ததும் மோதிரத்த மொதல்ல விரல்ல மாட்டிருங்க, நோட்ட அப்பறம் மடிச்சு வெச்சுக்கலாம்.