ஹெர்ஸலுக்கு முன்பே தொடங்கிய கதை
யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்கமான சியோனிசம், 1897-ல் அதன் தலைவர் தியோடர் ஹெர்ஸல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூட்டிய மாநாட்டில்தான் பிறந்தது என்று எழுதியதற்கு ஆசிரியர் ஏன் மதிப்பெண் குறைத்தார் என்று கேட்டிருந்தீர்கள். அந்த மாநாடு இயக்கத்துக்கு அமைப்பு கொடுத்தது, சரி. ஆனால் விதை அரை நூற்றாண்டுக்கு முன்பே விழுந்துவிட்டது. பெல்கிரேடை ஒட்டிய செம்லினில் ரப்பியாக (யூத மதகுருவாக) இருந்தவர் யெஹூதா அல்கலாய். 1840-ல் டமாஸ்கஸ் யூதர்கள்மீது பொய்க் கொலைப்பழி சுமத்திச் சித்திரவதை செய்த பிறகு, மெசியா என்னும் மீட்பருக்காகச் சும்மா காத்திராமல் நாமே தாயகம் திரும்பவேண்டும் என்று அழுத்தமாக எழுதினார். ஹெர்ஸலின் தாத்தாவும் செம்லின்காரர்தான். இதை உங்கள் விடையில் அவசியம் சேருங்கள். அப்புறம், 1881-ல் ரஷ்யப் பேரரசில் தொடங்கிய யூத எதிர்ப்புக் கலவரங்கள். அவற்றால் மனம் மாறி, யூதர்களுக்குத் தாயகம் தேவை என்று கருதிய ஒடெசா மருத்துவர் லியோன் பின்ஸ்கர், 1884-ல் கட்டோவிட்ஸில் (இன்றைய போலந்து) கூடிய, தாயகம் திரும்ப விரும்பிய யூதக் குழுக்களான 'சியோன் நேசர்கள்' மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.