வெள்ளி நானோ துகள் கலந்த உணவு உறை எப்படிக் கிருமியைத் தடுக்கிறது? வெள்ளி உணவுக்குள் இறங்காதா?

பெரும்பாலான வேலையைச் செய்வது துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனிதான், அதாவது மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு. ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் துகளின் மேற்பரப்பு மெல்லக் கரையும். 100 நானோமீட்டருக்குள் அடங்கும் துகள் என்பதால் எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். வெளிவரும் அயனி பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்கும். புரதங்களில் உள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு நொதிகளை முடக்கும்.

சிக்கல் என்னவென்றால், உணவிலுள்ள புரதமும் உப்பின் குளோரைடும் அதே அயனியைப் பிடித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அசத்தும் உறை இறைச்சியில் சொதப்ப இது முக்கியக் காரணம். அப்புறம், உறை தொடாத உட்பகுதிக்குப் பெரிதாகப் பலன் இல்லை. குளிர்பதனத்துக்கு மாற்றாக நான் இதை நம்பமாட்டேன்.

சரி, வெள்ளி இறங்குமா? கொஞ்சம் இறங்கும், புளிப்பும் சூடும் கூடினால் இன்னும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவைத் தொடும் பிளாஸ்டிக்கில் நானோ வடிவப் பொருளுக்குத் தனி அனுமதி வேண்டும்.