மினி டிராக்டர் மீட்டர் கோளாறுகள்: கேள்வி – பதில்

கீழே சொல்லியிருக்கும் ஓம்ஸ் (மின்தடை) அளவுகள் குபோட்டாவின் சிறிய மாடல்களுக்கானவை. வேறு கம்பெனி வண்டியென்றால் அளவு மாறும். சோதிக்கும் வரிசை பெரும்பாலும் இதேதான்.

சாவி போட்டதுமே, இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன்பே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. புது சென்சார் போட்டும் சரியாகவில்லை.

அந்த சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏற ஓம்ஸ் குறையும் தெர்மிஸ்டர். 50 டிகிரியில் சுமார் 154 ஓம்ஸ், 80-ல் 52, 100-ல் 27, 120-ல் 16. ஓம்ஸ் குறைந்தால் முள் ஏறும். அப்படியானால் ஆறிக் குளிர்ந்திருக்கும் இன்ஜினில் முள் சிவப்பில் நின்றால், பெரும்பாலும் சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது அதன் ஒயர் எங்கோ பாடியைத் தொடும்.

சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு சாவி போடுங்கள். முள் இறங்கினால் சென்சார் உள்ளே ஷார்ட். இறங்காவிட்டால் ஒயர் அல்லது மீட்டர். சென்சாரை ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்பதால், ஒயர் மேல்தான் சந்தேகம் அதிகம். சைலன்சர் பக்கம் உருகியிருக்கிறதா, பானட் கீலில் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று சென்சாரிலிருந்து மீட்டர் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். காயம்பட்ட இடத்தை வெட்டி, கிரிம்ப் அடித்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். கறுப்பு டேப் இன்ஜின் சூட்டில் பசை விட்டு ஒரு பருவத்துக்குள் கழன்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு முள் ஏறவே ஏறாதது. அதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒயரைக் கழற்றி இரண்டு விநாடி மட்டும் இன்ஜின் இரும்பில் தொடுங்கள். முள் சிவப்புக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நல்லவை. சென்சாரோ அதன் எர்த்தோ கெட்டிருக்கிறது. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் அந்த வழி அடைபட்டுப்போகும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கூலண்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் நடுவில் அமைதியாக நிற்கும். மீட்டரைக் குறை சொல்லும் முன், இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் அதோடு சேர்ந்து துடிக்கின்றன. மீட்டர் போர்டை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். இரண்டு முள்ளும் ஒரே தாளத்தில் ஆடினால் அது பெரும்பாலும் எர்த் கோளாறு. ஒரு பக்கத்தின் இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து சுமார் 3.5 ஆம்ப்ஸ் இழுக்கும். மீட்டரும் பல்பும் பகிர்ந்துகொள்ளும் எர்த் முனையில் துரு ஏறி 0.2 ஓம்ஸ் தடை இருந்தாலே அங்கே 0.7 வோல்ட் எழும்பும். பல்பு எரியும்போதெல்லாம் மீட்டரின் எர்த் மேலே போய் வரும், முள் ஆடும்.

மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டின் ஈயத்திலேயே அழுத்திப் பிடியுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மறு முனையை மீட்டர் போர்டின் எர்த் ஒயரில் வைத்து, ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் கோளாறு உறுதி. பிறகு மறு முனையை கிளாம்ப், எர்த் கேபிள் சேஸிஸில் சேரும் போல்ட், டேஷ்போர்டு இரும்பு என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எண் திடீரென்று குதிக்கும் இடம்தான் குற்றவாளி.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டை எடுத்து, லக்கின் (கேபிள் முனையிலுள்ள வளையம்) அடியில் இருக்கும் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலிலேயே தடவி இறுக்க வேண்டாம்.

டேங்க் நிறைய டீசல் இருந்தும் முள் காலியிலேயே நிற்கிறது.

டேங்க் யூனிட்டின் (டீசல் அளவைச் சொல்லும் மிதவை சென்சார்) கப்ளரைக் கழற்றி, ஹார்னஸ் பக்கத்து, அதாவது மீட்டருக்குப் போகும் ஒயர் பக்கத்து, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். முள் ஃபுல்லுக்கு வந்தால் யூனிட் கெட்டிருக்கிறது. வராவிட்டால் ஒயர், பியூஸ், மீட்டர் என்று பின்னோக்கிப் போங்கள். சில ஐரோப்பிய வகை மீட்டர்களில் இது தலைகீழ்; இணைத்தால் காலி காட்டும்.

யூனிட்டை வெளியே எடுத்து, அதன் முனைகளில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, மிதவையைக் கையால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். மேலே 1–5 ஓம்ஸ், கீழே 103–117 ஓம்ஸ். இடையில் எண் சட்டென்று அறுந்து மீண்டும் வந்தால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். டீசல் சத்தம் கேட்டால் அது ஓட்டை. திரும்பப் பூட்டும்போது பழைய கேஸ்கெட் வேண்டாம்.

வேலை முடித்து இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டால் ஆயில் லைட் லேசாக மினுக்குகிறது. ஸ்விட்ச் கோளாறா?

அந்த லைட்டை எரிய வைக்கும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சாகவும் இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்து வண்டியை ஓட்டக் கூடாது. ஆயில் அளவைப் பாருங்கள், சரியான கிரேடா என்று பாருங்கள். பிறகு ஸ்விட்ச்சைக் கழற்றி அதே மரையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினை ஸ்லோவில் ஓட்டுங்கள். 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் கோளாறு இன்ஜினில். அதற்கு மேல் நிலையாக நின்றால் மட்டும் புது ஸ்விட்ச் வாங்குங்கள்.

ரோட்டாவேட்டர் ஓட்டும்போது ஆர்.பி.எம். முள் குறைகிறது, இன்ஜின் சத்தம் குறையவில்லை.

பல மாடல்களில் ஆர்.பி.எம். சிக்னல், பெல்ட் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து (பேட்டரியை சார்ஜ் செய்வது) வருகிறது. பெல்ட் வழுக்கினால் முள் இறங்கும். அதை நம்பி ஆக்ஸிலேட்டரைக் கூட்டினால் பி.டி.ஓ. (ரோட்டாவேட்டரைச் சுழற்றும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றைத் தாண்டிச் சுழலும். பெல்ட்டின் நடுவில் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் 7–9 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடிபோல் மின்னினால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். இதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் ஃபேனையும் சுற்றுகிறது என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.