நள்ளிரவில் பல் வலி: எதைச் சமாளிக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் நெடுநாளாகச் சொத்தை இருக்கிறது. சனிக்கிழமை இரவு வலி தொடங்கித் துடித்துப்போய்விட்டார். திங்கட்கிழமைவரை பல் மருத்துவர் யாரும் கிடைக்கவில்லை. வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தார். ஞாயிறு மாலை வலி தானாக நின்றுவிட்டது. இப்போது மருத்துவரிடம் வரவே மறுக்கிறார். அவர் செய்தது சரியா, டாக்டர்? மறுபடி இப்படி வந்தால் என்ன செய்வது? எதற்கெல்லாம் விடியும்வரை காத்திருக்கக் கூடாது?

பதில்: எப்படியாவது பேசி, இந்த வாரத்துக்குள் அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த இரவின் வலி அல்ல, அது தானாக நின்றுபோனதுதான். சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவில் இருக்கும் பற்கூழை எட்டும்போது, அங்குள்ள திசு அழற்சியடைந்து வீங்கப் பார்க்கிறது. சுற்றிலும் கெட்டியான பல் இருப்பதால் வீங்குவதற்கு இடம் இல்லை. அந்த அழுத்தம்தான் ஆளை உறங்கவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கும் வலி. பற்கூழ் செத்துப்போனால் வலியும் அடங்கிவிடும். ஆனால் கிருமிகள் அங்கேயே இருக்கும்; வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கவைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இந்தத் தொற்று மற்றவர்களைவிட வேகமாகப் பரவக்கூடும்.

ஆன்டிபயாடிக் இந்த வலியைக் குறைப்பதில்லை. பற்கூழுக்குள் ரத்த ஓட்டம் நின்றுபோன பிறகு மருந்து அங்கே போய்ச் சேர்வதும் இல்லை. ரூட் கேனால் செய்து உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் மருத்துவரே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுப்பார். மீந்த மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடச் சொல்லுங்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சீழ் இருக்கும் இடத்தில் சூடு வைத்தால் வீக்கமும் வலியும் கூடக்கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளிப்பக்கம் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுப்பதே நல்லது.

இனி, அப்படி ஓர் இரவு வந்தால் என்ன செய்வது? பல் வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரூபனும் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., ஐபுபுரூபன் 400 மி.கி. என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் ஐபுபுரூபன் 1200 மி.கி.யையும் (அதாவது மூன்று வேளைக்கு மேல் வேண்டாம்) பாராசிட்டமால் 4000 மி.கி.யையும் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்புறம் படித்துப் பார்த்து அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் விஷயத்தில் மட்டும் நான் ஐபுபுரூபனை நிறுத்தி வைப்பேன். எட்டு ஆண்டுச் சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை அவருக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரூபனைத் தொட வேண்டாம்.

படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து வலி அதிகமாகும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி தூங்கச் சொல்லுங்கள். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால், சொத்தைக் குழியில் சிக்கிய துணுக்குகள் வெளியேறும். கிராம்புத் தைலம் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். சமையல் எண்ணெயில் ஓரிரு துளி கலந்து, பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வையுங்கள். தனியாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்பவர்களுக்கும் இதே கதிதான்: வலி குறையாது, வெள்ளை வெள்ளையாகப் புண் ஆகிவிடும். வலி தாங்காமல் மது குடிப்பது, அதுவும் பாராசிட்டமாலோடு சேர்த்துக் குடிப்பது, கல்லீரலுக்கு ஆபத்து.

காத்திருக்கக் கூடாதவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலி எவ்வளவு கடுமை என்பதைவிட, வீக்கம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் விளிம்பை விரலால் தடவுங்கள். அந்த விளிம்பே கைக்குத் தட்டுப்படாமல் கழுத்துப் பக்கம் வீங்கியிருந்தால், உடனே பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாயைத் திறந்து இரண்டு விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியவில்லை என்றாலும் அப்படியே. நாக்குக்கு அடியில் தடித்து நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறல், கண்ணைச் சுற்றி வீங்குவது, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் இவை எல்லாமே அவசரம்தான். தொற்று தொண்டைப் பக்கம் இறங்கினால் சில மணி நேரத்தில் மூச்சுப்பாதையே அடைபடலாம். அங்கே பல் மருத்துவர் இல்லையே என்று தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் காப்பாற்ற வேண்டியது மூச்சை. சொத்தையே இல்லாத ஒருவருக்குக் கீழ்த்தாடை வலியோடு வியர்வையும் நெஞ்சில் பாரமும் இருந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உங்கள் கணவருக்குச் சர்க்கரையும் இருப்பதால் இதை நினைவில் வைத்திருங்கள்.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால், சுத்தமான துணியை நனைத்து மடித்து, அந்தக் குழியின்மேல் வைத்து முழுதாக அரை மணி நேரம் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நின்றதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் கூடவே வந்துவிடும். அதன் பிறகும் ஒழுகினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அடிபட்டு நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலில் அலசுங்கள், அல்லது குளிர்ந்த நீரில் சில நொடிகள் காட்டுங்கள், தேய்க்க வேண்டாம். அதே குழியில் சரியான பக்கமாகப் பொருத்தி, துணியைக் கடித்துப் பிடிக்கச் செய்யுங்கள். பயமாக இருந்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம்; வெறும் தண்ணீரில் வைத்தால் வேரின் மேலுள்ள செல்கள் இறந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் பொருத்தினால் பல் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும். விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குச் சேதம் வரும். தேடியும் பல் கிடைக்காமல், குழந்தை இருமிக்கொண்டே இருந்தாலோ மூச்சில் சத்தம் கேட்டாலோ, பல் மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.