அட்ரியாட்டிக் ஓரமாக மூன்று வாரம்: கார்ப் பயணக் கேள்விகளும் பதில்களும்

ஸ்லோவேனியாவில் தொடங்கி குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, முடிந்தால் அல்பேனியா வரை கோடையில் காரில் போவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில்தான் கிளம்பப் போகிறீர்கள் என்பதால், அந்த மாதங்களின் வெயிலையும் கூட்டத்தையும் மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணை, சூரிச்சில இருந்து எங்கட காரிலேயே வெளிக்கிடுறம். மூன்று கிழமை லீவு, ரெண்டு பிள்ளையள். ஐந்து நாட்டையும் பார்க்கலாமோ?

பார்க்கலாம், ஆனால் பாதியை கார் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். அல்பேனியாவை இந்த முறை விட்டுவிடுங்கள். மிச்சம் நாலு நாட்டுக்கே மூன்று வாரம் இழுத்துப் பிடித்தால்தான் போதும்.

என் யோசனை இதுதான்: போகும்போது மலை வழி, வரும்போது கடல் வழி. எல்லோரும் நேராகக் கடற்கரைக்கு இறங்கி, ஸதார், ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக் என்று ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வருகிறார்கள். பத்தாவது நாள் பிள்ளைகளுக்கு எந்தப் பழைய ஊர் எது என்றே தெரியாது. நீங்கள் முதலில் ஸ்லோவேனியாவின் சோச்சா பள்ளத்தாக்கில் நாலு இரவு தங்குங்கள். பிறகு குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளுக்கு ஒரு இரவு, அங்கிருந்து போஸ்னியாவுக்குள் நுழைந்து சரயேவோவில் இரண்டு, மோஸ்தாரில் ஒன்று, திரெபினியேவில் இரண்டு. அடுத்து நிக்ஷிச் வழியாக மாண்டினீக்ரோவின் துர்மிட்டோர் மலைக்கு ஏறி மூன்று இரவு, கோட்டோர் வளைகுடாவில் மூன்று. கடைசி நாலு நாளை ஸ்ப்ளிட் பக்கம் கடலில் கழித்துவிட்டு, ஸ்ப்ளிட்டில் இரவுக் கப்பலில் காரோடு ஏறினால் காலையில் இத்தாலியின் அங்கோனா. அங்கிருந்து மிலான் வழியாக அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். கப்பல் டிக்கெட்டைத்தான் முதலில் வாங்க வேண்டும், விடுதிகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, எந்தச் சனிக்கிழமையும் நெடுந்தூரம் ஓட்டாதபடி நாட்களை அடுக்குங்கள். அந்தக் கடற்கரையில் வாடகை வீடுகளில் ஆட்கள் பெரும்பாலும் சனிக்கு சனி மாறுவார்கள். அன்றைக்கு ஆஸ்திரியா, ஸ்லோவேனியா இடையிலான கரவான்கன் சுரங்கத்திலும் ஸாக்ரெப்பை ஒட்டிய சுங்கச்சாவடியிலும் பாதி ஐரோப்பா நிற்கும். அங்கேயும் பொது விடுமுறையான ஆகஸ்ட் 15 ஒட்டிய வார இறுதி இன்னும் மோசம்.

கேள்வி: சார், சென்னையிலிருந்து ஸாக்ரெப் வந்து அங்கே கார் வாடகைக்கு எடுக்கலாம் என்று இருக்கிறோம். இந்திய பாஸ்போர்ட். ஷெங்கன் விசா ஒன்று போதுமா?

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாடு) யூரோவிலும் சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்லோவேனியாவுக்கும் அதற்கும் ஒரே விசா. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் குறுகிய காலத்துக்குத் தனி விசா இல்லாமல் விடுகின்றன. நிபந்தனைகளைக் கிளம்பும் முன் அந்தந்தத் தூதரகப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எத்தனை நுழைவு என்பதில்தான். மேலே சொன்ன வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸாக்ரெப்பில் இறங்குவது ஒரு நுழைவு. திரெபினியேவிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குப் பகலில் போய் வந்தால் இரண்டு. மாண்டினீக்ரோ முடித்துக் கரையோரமாக குரோஷியாவுக்குத் திரும்பினால் மூன்று. இரட்டை நுழைவு விசாகூடப் பத்தாது. விண்ணப்பத்திலேயே பல நுழைவு விசா கேளுங்கள், பயணத் திட்டத்தில் அந்த மூன்று நுழைவையும் தெளிவாகக் காட்டுங்கள். போஸ்னியா, மாண்டினீக்ரோ நாட்கள் ஷெங்கனின் 90 நாள் கணக்கில் வராது, அது ஒரு லாபம்.

வாடகை கார் விஷயத்தில், எந்தெந்த நாட்டுக்குள் போகிறீர்கள் என்று முன்பதிவின்போதே சொல்லி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் எல்லை தாண்டினால் விபத்து நடந்த அன்றைக்குக் காப்பீடு இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்கான கட்டணம் சில சமயம் வாடகையையே தாண்டும், ஆகவே ஸாக்ரெப்பில் எடுத்தால் ஸாக்ரெப்பிலேயே விடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டுப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் 90 கிலோமீட்டர்தான். காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம் இல்லையா?

மே மாதத்தில் என்றால் போய்விடலாம். ஆகஸ்டில் பத்து மணிக்குக் கிளம்பினால் எல்லையிலேயே இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க நேரலாம். அது இப்போது ஷெங்கனின் வெளி எல்லை, கார் காராகப் பார்க்கிறார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய விரல்ரேகை, முகப்படப் பதிவு வேறு, ஐரோப்பிய வதிவிட அட்டை இல்லாத வெளிநாட்டவர்களுக்கு இருக்கிறது. விடியற்காலையில் கிளம்புங்கள். காலை ஏழுக்குள் எல்லையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் கோட்டோர் வளைகுடாவை முழுதாகச் சுற்ற வேண்டாம், கமெனாரியில் கார் படகில் ஏறினால் சில நிமிடத்தில் எதிர்க்கரை லெபெதானே.

டுப்ரோவ்னிக்கில் தங்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். பழைய ஊருக்குப் பக்கத்தில் கார் நிறுத்தவே ஒரு நாள் சாப்பாட்டுக் காசு போகும். சுமார் 30 கிலோமீட்டரில், போஸ்னிய எல்லைக்கு அந்தப் பக்கம் திரெபினியே இருக்கிறது. பிளேன் என்ற பெரிய மரங்களின் நிழலில் சதுக்கம், நல்ல காபி, விலையும் குறைவு. அங்கே தங்கி, ஒரு நாள் அதிகாலையில் போய் டுப்ரோவ்னிக் மதில்மேல் நடந்துவிட்டு, உல்லாசக் கப்பல் கூட்டம் ஊருக்குள் நிறையும் முன் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கடலோரமாகப் போகும்போது நடுவில் போஸ்னியா குறுக்கிடுகிறதாமே, எல்லைச் சோதனை உண்டா?

நேயும் என்ற ஊர், போஸ்னியாவுக்கு இருக்கும் சின்னக் கடற்கரை. முன்பு அதைத் தாண்ட இரண்டு முறை பாஸ்போர்ட் நீட்ட வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்ததிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. பாலம் 2.4 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. வழிகாட்டும் செயலி பழைய வழியைக் காட்டினால் கேட்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடப்போமா?

போஸ்னியாவில் நிச்சயமாக இல்லை. காலையில் ரொட்டிக்கடை மாதிரியான, பூரணம் வைத்த மாவுப் பண்டம் சுடும் புரெக் கடைக்குப் போங்கள். அங்கே புரெக் என்று கேட்டால் இறைச்சி வைத்ததுதான் வரும். ஸெல்யானிட்ஸா கேட்டால் கீரை, சிர்னிட்ஸா சீஸ், குரொம்பிருஷா உருளைக்கிழங்கு. சுடச்சுட எடை போட்டுத் தருவார்கள், கூடவே ஒரு குவளை தயிர். வயிறு நிறைந்துவிடும். எண்ணெய் எது, முட்டை உண்டா என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரோஷியக் கடற்கரையில்தான் கவனம் வேண்டும். ரிசோட்டோ என்ற குழைந்த அரிசிச் சோற்றை மீன் அல்லது இறைச்சிச் சாறில் வேகவைத்திருப்பார்கள், பீன்ஸ் சூப்பில் புகையூட்டிய இறைச்சி கிடக்கும். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பிளித்வா, சுட்ட காய்கறி, பீட்சா என்று ஓட்டலாம். சமையலறை உள்ள வீடாக எடுத்து, அரிசியும் பருப்பும் மிளகாய்ப்பொடியும் காரில் வைத்துக்கொண்டால் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பிளிட்விட்சேயில் பிள்ளைகள் குளிக்கலாமா?

முடியாது, 2006 முதல் தடை. கிர்கா தேசியப் பூங்காவிலும் 2021 முதல் பிரதான அருவியில் இறங்க விடுவதில்லை. பிளிட்விட்சே நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும், கோடையில் பெரியவருக்குச் சுமார் 40 யூரோ. காலையில் முதல் நேரமே எடுங்கள், பதினொரு மணிக்கு மேல் அந்த மரப்பாதையில் ஆள் பின்னால் ஆளாகத்தான் நகர முடியும். தண்ணீரில் குதிக்க ஆசைப்படும் பிள்ளைகளை மோஸ்தாருக்குத் தெற்கே கிராவிட்சா அருவிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: ஸ்லோவேனியாவில் சோச்சா பள்ளத்தாக்குக்குப் போகும் வெர்ஷிச் கணவாய் பயமாக இருக்குமா? எனக்கு மலைப்பாதை ஓட்டிப் பழக்கமில்லை.

50 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை, உச்சி 1,611 மீட்டர். வடக்கே கிரான்ஸ்கா கோரா ஊர்ப் பக்கம் வளைவுகளில் கல் பாவியிருக்கும், மழையில் வழுக்கும். பிரச்சினை வளைவு இல்லை, எதிரே வரும் மோட்டார் சைக்கிள், மிதிவண்டிக் கூட்டம்தான். காலை எட்டுக்கு முன் ஏறினால் பழக்கமில்லாதவரும் நிதானமாக ஓட்டலாம். கேரவன் இழுத்துக்கொண்டு ஏற அனுமதி இல்லை. வேண்டாம் என்று தோன்றினால் இத்தாலியின் தார்வீசியோ பக்கமிருந்து பிரெதில் கணவாய் வழியாக, சோச்சா பள்ளத்தாக்கில் இருக்கும் போவெட்ஸ் போய்விடுங்கள், அது சுலபம். வெர்ஷிச் சாலையை முதல் உலகப் போரில் ரஷ்யக் கைதிகளை வைத்துப் போட்டார்கள். 1916 பனிச்சரிவில் அவர்களில் பலர் இறந்தார்கள், வழியில் அவர்கள் நினைவாக மரத்தாலான சிறு தேவாலயம் இருக்கிறது. வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: சுங்கம், பணம், போன்?

ஸ்லோவேனியாவில் மின்-வின்யெட் என்ற நெடுஞ்சாலைச் சுங்க அனுமதி, வண்டி எண்ணுக்கு இணையத்தில் வாங்குவது, காருக்கு ஒரு வாரம் சுமார் 16 யூரோ. குரோஷியாவில் ஓடிய தூரத்துக்குச் சாவடியில் கட்டுவது, ஸாக்ரெப்பிலிருந்து ஸ்ப்ளிட் வரை 25 யூரோ அளவில் ஆகும். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் புழங்குவது யூரோதான். போஸ்னியாவின் மார்க் யூரோவோடு கட்டிவைத்த பணம், விலையைப் பாதியாக்கினால் யூரோ வந்துவிடும். போஸ்னியாவில் நுழையும் முன் போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் அங்கே செல்லாது. உள்ளூர் சிம் மலிவு.

கேள்வி: போஸ்னியா பாதுகாப்பா? அம்மா வேண்டாம் என்கிறார்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், போர் 1995-இல் முடிந்தது. சரயேவோவில் இரவில் குடும்பத்தோடு நடக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள்: போர்க்காலக் கண்ணிவெடிகள் சில காடு, மலைப் பகுதிகளில் இன்னும் அகற்றப்படவில்லை. தார்ச் சாலையையும் குறியிட்ட நடைபாதையையும் விட்டு விலகாதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூடப் புதருக்குள் போகாதீர்கள், பாழடைந்த வீடுகளுக்குள் நுழையாதீர்கள். சாலைகளில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான் என்பதால் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். சரயேவோவிலிருந்து மோஸ்தார் 130 கிலோமீட்டருக்கும் குறைவு, ஆனாலும் அரை நாளாக எண்ணிக்கொள்ளுங்கள். நெரெத்வா ஆற்றை ஒட்டிய அந்த வழியில் அவசரப்படவும் தோன்றாது. மோஸ்தாரில் கோடை மதியம் 40 பாகையைத் தொடும், 1566-இல் கட்டி, 1993-இல் இடிக்கப்பட்டு, 2004-இல் திரும்ப எழுந்த, ஊரின் புகழ்பெற்ற பழைய பாலத்தை விடியலில் பாருங்கள்.

கேள்வி: அல்பேனியாவை விட்டுவிடச் சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு அதுதான் ஆசை!

அப்படியானால் அதை மட்டும் தனியாக வையுங்கள். இத்தாலியின் பாரியிலிருந்து துர்ரஸுக்கு இரவுக் கப்பல், பத்து நாளில் பெராத், ஜிரோகாஸ்தர், தெற்குக் கடற்கரை. லொகரா மலைக்குக் கீழே 2024-இல் சுரங்கம் திறந்துவிட்டார்கள். அவசரம் இல்லை என்றால் மேலே பழைய கணவாய் வழியாகவே போங்கள், கடல் காலடியில் விரியும். சொந்தக் கார் என்றால், வெளிநாட்டில் செல்லும் கார் காப்பீட்டுச் சான்றான பச்சை அட்டையில் அல்பேனியாவின் எழுத்து அடிக்கப்படாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். அடித்திருந்தால் எல்லையில் காப்பீடு வாங்க வேண்டிவரும். அல்பேனியப் பணமான லெக்கைக் கையில் நோட்டாக வைத்திருங்கள், சின்ன ஊர்களில் அட்டை எடுக்க மாட்டார்கள்.