கூப்பிட்டதும் வரும் சேவைகளும் நம் விவரங்களும்: கேள்வி பதில்

டாக்ஸி, உணவு, வீட்டு ரிப்பேர் என்று போனைத் தட்டினால் வந்து நிற்கும் சேவைகளிடம் நாம் கொடுக்கும் விவரங்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கைக்கு வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

டாக்ஸி ஆப் லொகேஷனுக்கு 'எப்போதும்' அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா சார்?

வேண்டாம். 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' போதும், வண்டி வரும். ஊபர் 2016 கடைசியில், பயணம் முடிந்து ஐந்து நிமிடம் வரை இருப்பிடத்தைச் சேகரிக்க ஆரம்பித்தது. எதிர்ப்பு கிளம்பி, 2017இல் கைவிட்டது. உணவு ஆப்புக்கு இன்னும் குறைவாகவே கொடுக்கலாம்: துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிட்டு முகவரியைக் கையால் டைப் செய்யுங்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி இருக்கிறது.

காண்டாக்ட்ஸையும் கேட்கிறதே?

எதற்கு? மறுத்துவிடுங்கள். உங்கள் போனில் இருப்பவர்கள் யாரும் அதற்குச் சம்மதம் சொல்லவில்லை.

பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவைப் பயன்படுத்துகிறோம் என்கிறார்கள். அப்புறம் என்ன பயம்?

நான் அதிகம் கவலைப்படுவதே இதற்குத்தான். பெயர் இல்லாவிட்டாலும் நம் தடம் இருக்கிறது. ராத்திரி எங்கே நிற்கிறீர்கள், காலையில் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்தால் வீடும் வேலையிடமும் தெரிந்துவிடும். 15 லட்சம் பேரின் மொபைல் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நேரத்தோடு சேர்ந்த நான்கே இடங்கள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது.

2014இல் நடந்தது இன்னும் மோசம். நியூயார்க்கின் 17 கோடிக்கும் அதிகமான டாக்ஸிப் பயணப் பதிவுகள் வெளியாயின. வண்டி எண்களை ஒரு கணக்கு முறையால் உருமாற்றி மறைத்திருந்தார்கள். ஆனால் இருக்கக்கூடிய எண்கள் குறைவு. அத்தனையையும் அதே முறையில் போட்டுப் பார்த்து ஒரு மென்பொருளாளர் சில மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டார். பிரபலங்கள் டாக்ஸியில் ஏறும் புகைப்படங்களில் வண்டி எண் தெரியுமல்லவா? அதோடு பொருத்தி, யார் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு கட்டணம் கொடுத்தார்கள் என்றெல்லாம் பின்னால் எடுத்துவிட்டார்கள்.

டெலிவரி பையன் கையில் என் நம்பர் போகுமா அண்ணா?

பல ஆப்கள் இடையில் ஒரு தற்காலிக எண்ணை வைத்து இரண்டு பேரையும் இணைக்கின்றன. நீங்களே ஆப்புக்கு வெளியே போன் செய்தாலோ வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினாலோ அந்த மறைப்பு போச்சு. ஆனால் அவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் குறிப்புப் பெட்டியைப் பாருங்கள். 'பகலில் யாரும் இருக்க மாட்டோம், சாவி செருப்பு அலமாரியில்' என்று எழுதிய வரி முகவரியோடு சேமிக்கப்பட்டு, அடுத்தடுத்த ஆர்டருக்கும் கூடவே போகக்கூடும். இன்றே திறந்து அழித்துவிடுங்கள். பையில் ஒட்டிய பில்லில் பெயரும் முகவரியும் இருந்தால் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

பெரிய கம்பெனிதானே, பத்திரமாக வைத்திருக்க மாட்டார்களா?

ஊபரிடமிருந்து 2016இல் 5.7 கோடி பேரின் விவரங்கள் திருடுபோயின. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து மூடி மறைத்தார்கள். ஊருக்குச் சொன்னது 2017 நவம்பரில்தான். அமெரிக்க உணவு டெலிவரி நிறுவனமான டோர்டாஷில் 2019இல் 49 லட்சம் பேரின் விவரங்கள் போயின. உள்ளே இருப்பவர்களும் ஒரு கவலைதான். பயணிகள் எங்கே போகிறார்கள் என்று ஊபர் ஊழியர்களே நேரலையில் பார்க்க முடிந்தது 2014இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதனால் 'பத்திரமாக வைப்பார்களா' என்று கேட்பதைவிட, அவர்களிடம் இல்லாதது திருடுபோகாது என்று யோசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பிறந்த தேதி கட்டாயம் இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

ஆப்பை அழித்துவிட்டேன். விவரமும் போயிருக்கும்தானே?

போகாது. போனிலிருந்து போனது ஆப் மட்டும். கணக்கு அவர்களிடம் அப்படியே இருக்கும். மறுபடி நிறுவி, சேமித்த கார்டு, முகவரிகளை நீக்கி, அப்புறம் 'கணக்கை நீக்கு' கொடுங்கள். வரிக் கணக்குக்காகச் சில பில்களை வைத்துக்கொள்வார்கள், அதைத் தடுக்க முடியாது. நீக்குவதற்கு முன் உங்கள் தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். அந்தச் சட்டம் இல்லாத இடங்களிலும் சில ஆப்கள் செட்டிங்ஸிலேயே இதை வைத்திருக்கின்றன.