குன்னூரில் இருக்கிறேன். 8,000 ரூபாய்க்குள் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். முதலில், பெட்டி இத்தனை நாள் எந்த ஊரில் கிடந்தது என்று கேளுங்கள். நம் மலையில் பீரோவில் தொங்கும் தோல் பெல்ட்டே பூஞ்சை பூக்கிறது, ஆம்ப் மட்டும் தப்புமா? கோத்தகிரியில் நான் வாங்கியதில் வால்யூமைத் திருகினாலே கரகரவென்று பொரியும். இடது பக்கம் விட்டுவிட்டு வரும். வால்யூம் திருகிக்குள் காண்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளின் அழுக்கை நீக்கும் ஸ்பிரே) அடித்து, 20 முறை முன்னும் பின்னும் திருகியதில் சரியாகிவிட்டது. அந்தக் கரகரப்பைக் காட்டி விலையைக் குறையுங்கள், பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு. ஸ்பீக்கரை மாட்டாமல் ஆன் செய்து, ஐந்து நிமிடம் கழித்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் பின்னால் உள்ள ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம்; உங்கள் ஸ்பீக்கரின் ஊஃபர் (பேஸ் ஒலி தரும் பெரிய கூம்பு) காயிலும் கருகும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பின்பக்க ஸ்டிக்கரையும் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த செட் 100 வோல்ட். நம் 230இல் நேராகச் செருகினால் புகைதான். வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், சின்ன ஹாலுக்கு 30 வாட்ஸே அதிகம்.